அடித்தளப் பயிற்சியும் கேடன்ஸும்: விடிய ஓடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணம் பண்ணை வீதியில் விடிய ஐந்து மணிக்கு எங்களோடு ஓட வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி சப்பாத்து பற்றியது. மீதியில் பெரும்பகுதி கேடன்ஸ் பற்றியது. கைக்கடிகாரங்கள் அந்த எண்ணைக் காட்டத் தொடங்கிய நாளிலிருந்து எல்லோருக்கும் அதில் ஒரு கவலை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பிக் களைத்துவிட்டேன். அதனால் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். நான் மருத்துவர் அல்ல, பட்டம் பெற்ற பயிற்றுநரும் அல்ல. கனகாலமாக ஓடுகிறேன், இந்த விஷயத்தில் பிழை விட்டு, நொந்து, பிறகு படித்தவன்.

கேடன்ஸ் என்றால் சரியாக என்ன?

ஒரு நிமிடத்தில் உங்கள் இரண்டு பாதங்களும் சேர்த்து எத்தனை தரம் நிலத்தில் படுகின்றன என்ற கணக்கு. அவ்வளவுதான். உங்கள் வேகம் இரண்டு எண்களின் பெருக்கம்: நிமிடத்துக்கு எத்தனை அடி, ஒவ்வோர் அடியும் எவ்வளவு நீளம். (இங்கே அடி என்று எழுதுவதெல்லாம் காலடியை; 12 அங்குலத்தை அல்ல.)

ஒரு கணக்குப் பார்ப்போம். கிலோமீற்றருக்கு 7 நிமிடம் என்ற வேகத்தில் ஓடுகிறவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 143 மீற்றர் போகிறார். அவருடைய கேடன்ஸ் 156 என்றால் ஒவ்வோர் அடியும் 91 சென்ரிமீற்றரைவிடச் சற்றுக் கூட. அதே வேகத்தில் 164 ஆக்கினால் அடி 87 சென்ரிமீற்றர். வித்தியாசம் மூன்று விரல் அகலம்கூட வராது. கேடன்ஸை மாற்றுவது என்றால் ஓட்டத்தையே புதிதாகப் பழகுவது என்று பயப்படுகிறவர்களுக்கு இந்த மூன்று விரலைத்தான் நான் காட்டுவது.

என்னிடம் கடிகாரம் இல்லை. எப்படி எண்ணுவது?

போனில் இருக்கும் ரைமர் போதும். பத்து நிமிடம் ஓடி உடம்பு சூடானபிறகு, வலது கால் நிலத்தில் படுவதை மட்டும் 30 செக்கன்களுக்கு எண்ணுங்கள். வந்த எண்ணை நாலால் பெருக்குங்கள். 39 வந்தால் 156.

ஒரு சிக்கல் இருக்கிறது. எண்ணத் தொடங்கியதும் மனம் காலைப் பிடித்துக்கொள்ளும். தெரியாமலே வேகமாக அடி வைப்பீர்கள். மூன்று தரம் எண்ணி, முதலாவதை விட்டுவிடுங்கள். இதைவிட நல்ல வழி, பின்னால் சைக்கிளில் வரும் ஒருவரை, உங்களுக்குச் சொல்லாமல் எண்ணச் சொல்வது. நான் அப்படித்தான் எண்ணுவேன். கனபேருக்கு, தாங்கள் எண்ணிய எண்ணுக்கும் நான் எண்ணியதற்கும் நாலைந்து வித்தியாசம் இருந்திருக்கிறது.

என் கடிகாரம் 79 என்று காட்டுகிறது. ஏதும் பழுதா?

பழுது இல்லை. சில செயலிகள் ஒரு காலை மட்டும் எண்ணும். இரண்டால் பெருக்குங்கள், 158. இன்னொன்று: ஓட்டத்தின் நடுவில் நடந்திருந்தால், ஓட்டம் முடிந்தபின் வரும் சராசரியில் அந்த நடையும் சேர்ந்திருக்கும். சராசரியைப் பார்த்துக் கவலைப்படாமல், தொடர்ந்து ஓடிய ஒரு கிலோமீற்றரின் எண்ணைப் பாருங்கள்.

எல்லோரும் 180 என்கிறார்களே. அதுதானே சரி?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் வாய் நோகக் கதைத்திருக்கிறேன்.

180 வந்த கதை இதுதான். 1984 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஜாக் டானியல்ஸ் என்ற அமெரிக்கப் பயிற்றுநர், போட்டியில் ஓடியவர்களின் அடிகளை எண்ணினார். எண்ணப்பட்ட 46 பேரில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் 180க்குக் குறையவில்லை. நல்ல அவதானிப்பு. ஆனால் எண்ணப்பட்டவர்கள் யார்? உலகின் மிக வேகமான கால்கள். எப்போது எண்ணப்பட்டார்கள்? ஒலிம்பிக் போட்டியின்போது. பண்ணைப் பாலத்தடியில் விடிய 7 நிமிட வேகத்தில் வீட்டுக் கதை கதைத்துக்கொண்டு ஓடும் எங்களை அல்ல. வேகம் கூடினால் கேடன்ஸும் கூடும். அவர்களும் மெதுவாக ஓடும் நாளில் குறைந்த எண்ணில்தான் ஓடுவார்கள்.

இன்னொரு எண்ணிக்கையையும் பக்கத்தில் வையுங்கள். 2016இல் ஸ்பெயினில் நடந்த 100 கிலோமீற்றர் உலகப் போட்டியில் முன்னணியில் முடித்த 20 பேரின் கேடன்ஸை ஆராய்ந்திருக்கிறார்கள். சராசரி 182. பார்த்தீர்களா, 180 சரிதானே என்று சொல்ல வாய் வரும். ஆனால் அந்தச் சராசரிக்குள் ஒருவர் 155, இன்னொருவர் 203. இரண்டு பேரும் ஒரே போட்டியில், ஒரே பாதையில், உலகத்தின் மிகச் சிறந்தவர்களோடு ஓடி முடித்தவர்கள். 155காரரைப் பிடித்து 180க்கு மாற்றியிருந்தால் அவருடைய ஓட்டத்தைத்தான் கெடுத்திருப்போம்.

ஆகவே 180 யாருக்கும் கட்டளை அல்ல. நீங்கள் பார்க்கவேண்டியது உங்கள் இன்றைய எண்ணையும், அதற்கு மேலே ஐந்து சதவீதத்தையும் மட்டும்தான்.

அடித்தளப் பயிற்சி என்றால் என்ன? கேடன்ஸை ஏன் அப்போது பழகவேண்டும்?

போட்டி எதுவும் கிட்டத்தில் இல்லாத மாதங்களில், மூச்சு வாங்காமல் கதைத்துக்கொண்டு ஓடக்கூடிய வேகத்தில், கிழமைக்குக் கிழமை தூரத்தை மெல்லக் கூட்டி உடம்பைத் தயார் செய்வது. பேஸ் ட்ரெயினிங் என்பார்கள். இதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட். 800 மீற்றர் ஓடுகிறவரைக்கூட வைற்றாக்கரே மலைப்பாதையில் 35 கிலோமீற்றர் ஓடவைத்தவர். அப்படி ஓடிய பீற்றர் ஸ்னெல் 1960இல் ரோமில் 800 மீற்றரில் தங்கம் வென்றார். எங்களிடம் மலை கிடையாது. கீரிமலையின் பெயரில் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் சமதரையில் நீண்ட நேரம் ஆறுதலாக ஓட எங்கள் குடாநாட்டைப்போல வசதியான இடமும் குறைவு.

இங்கே பள்ளிக்கூட மெய்வல்லுநர் போட்டிகள் தை பிறந்தபின் தொடங்குவதால், பிள்ளைகளுக்கு அடித்தளக் காலம் பெரும்பாலும் மாரி மழையோடு வரும். ஒழுங்கையெல்லாம் வெள்ளம் நிற்கும், தார்வீதிதான் கதி. பெரியவர்கள் தங்கள் போட்டி எப்போது என்று பார்த்துப் பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள்.

ஏன் அப்போது என்றால், கால் ஒரு புதுப் பழக்கத்தைப் பிடிக்க ஆயிரக்கணக்கான அடி வேண்டும். அடித்தளக் காலத்தில் அது தாராளமாகக் கிடைக்கிறது. வேகம் குறைவு, கால் களைப்படைவதும் குறைவு, ஒரு நாள் பிழைத்தாலும் நட்டமில்லை. போட்டிக்கு மூன்று கிழமை இருக்கும்போது கேடன்ஸை மாற்றுவது கலியாணத்தன்று சமையல் பழகுவது மாதிரி.

மெதுவாக ஓடினால் கேடன்ஸ் விழுந்துவிடுகிறதே?

விழத்தான் செய்யும். 5:30 வேகத்தில் 172 வைத்திருப்பவர் 7 நிமிட வேகத்தில் 160 ஆவது இயல்பு. அதைப் பிழை என்று எடுக்காதீர்கள்.

பிழை வேறு இடத்தில் இருக்கிறது. மெதுவாக ஓடச் சொன்னதும் சிலர் அடியைச் சுருக்குவதில்லை. பழைய வேகத்தின் நீண்ட அடியை வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் இடையில் மேலே எழும்பி நேரத்தைக் கடத்துகிறார்கள். எங்கள் குழுவில் ஒரு தம்பி இருக்கிறார், ஆறடிக்குக் கிட்ட. நல்லூர்ப் பக்கம் இரண்டு மதிலுக்கும் நடுவிலுள்ள ஒழுங்கையில் அவர் எனக்குப் பின்னால் வந்தால், திரும்பிப் பார்க்காமலே தெரியும்: தொப்... தொப்... தொப். குதிக்கால் முழங்காலுக்கு வெகு முன்னால் போய் இறங்கும். இறங்கும்போது முழங்கால் கிட்டத்தட்ட நேராக நிற்கும். பிறேக் பிடித்துக்கொண்டு சைக்கிள் மிதிப்பது போல. ஒருநாள் எண்ணினேன், 148. அவருக்கு முழங்காலின் முன்பக்கத்தில் மாதக்கணக்காக ஒரு நோ. இரண்டு தரம் சப்பாத்து மாற்றிப் பார்த்தும் போகவில்லை.

கால் எட்டிப் போய் இறங்குவதுதான் நாங்கள் திருத்தப் பார்ப்பது. கேடன்ஸ் அதை அளக்க வசதியான ஒரு கோல்.

கேடன்ஸைக் கூட்டினால் என்ன நன்மை?

முழங்காலுக்கும் இடுப்புக்கும் வரும் பாரம் குறையும். 2011இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 45 ஓட்டக்காரரை ஒரே வேகத்தில் ஓடவிட்டு, அவர்களின் இயல்பான கேடன்ஸைவிட 5 சதவீதமும் 10 சதவீதமும் கூட்டிப் பார்த்தார்கள். ஐந்தே சதவீதத்தில் முழங்கால் தாங்கவேண்டிய பாரம் குறைந்தது. இடுப்பில் தெளிவான மாற்றம் வர 10 சதவீதம் வேண்டியிருந்தது. அடி குறுகினால் பாதம் உடம்புக்குக் கீழே கிட்டவாக இறங்கும், உடம்பு மேலே எழும்புவதும் குறையும், அதனால்தான்.

அப்படியானால் அடிகளின் எண்ணிக்கை கூடுமே என்று ஒருவர் கேட்டார். கூடும். 7 நிமிட வேகத்தில் 10 கிலோமீற்றருக்கு 156 என்றால் 10,920 அடி, 164 என்றால் 11,480. பாரம் கூடிய அடிகளைக் குறைவாக வைப்பதைவிட, பாரம் குறைந்த அடிகளை 560 கூடுதலாக வைப்பது முழங்காலுக்கு நல்லது.

ஆனால் கேடன்ஸைக் கூட்டியதாலேயே உங்கள் 10 கிலோமீற்றர் நேரம் குறையும் என்று நான் சொல்லமாட்டேன். பழகிய ஓட்டக்காரரின் உடம்பு தனக்குச் செலவு குறைந்த கேடன்ஸைக் கிட்டத்தட்டத் தானே கண்டுபிடித்து வைத்திருக்கும். நேரம் குறைவது காயமில்லாமல் மாதக்கணக்காகத் தொடர்ந்து ஓடுவதால். கேடன்ஸ் அதற்கு ஒரு கை கொடுக்கும்.

எனக்குத் தேவையா இல்லையா என்று எப்படித் தெரியும்?

ஆறுதலான ஓட்டத்தில் 165, 170 வருகிறது, எங்கும் நோ இல்லை, காலடி சத்தமும் இல்லை என்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு ஓடப் போங்கள். 155க்குக் கீழே, அதோடு முழங்கால் நோ அல்லது பெரிய சத்தம் என்றால் முயற்சி செய்து பாருங்கள். இடையில் இருப்பவர்கள் விரும்பினால் செய்யலாம், அவசரமில்லை.

சரி, எப்படிக் கூட்டுவது? எத்தனை கிழமை எடுக்கும்?

எட்டுக் கிழமை வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு மாதத்தில் 158இல் இருந்து 180க்குப் போகப் பார்த்தவன். மூன்றாவது கிழமை கோட்டையைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும்போது கெண்டைக்காலில் யாரோ கல்லால் எறிந்தது போல ஓர் இழுப்பு. முற்றவெளியில் இருந்து வீட்டுக்கு ஓட்டோவில் போனேன். பிறகு ஐந்து கிழமை ஓட்டம் இல்லை. ஆகவே கீழே சொல்வது வாசித்த அறிவு மட்டுமல்ல.

முதல் இரண்டு கிழமை எதையும் மாற்றாதீர்கள். எண்ணுங்கள், எழுதிவையுங்கள். வேகம், கேடன்ஸ், அன்று உடம்பு எப்படி இருந்தது. இதைத்தான் எல்லோரும் தாண்டி ஓடப் பார்ப்பார்கள். ஆனால் உங்கள் இயல்பான எண் தெரியாமல் அதன் ஐந்து சதவீதம் எப்படித் தெரியும்?

மூன்றாம், நாலாம் கிழமைகளில், கிழமைக்கு இரண்டு ஓட்டங்களில் மட்டும், நடுவில் ஒரு நிமிடம் புதிய எண்ணில் ஓடிப் பிறகு மூன்று நிமிடம் கால் போனபடி விடுங்கள். இப்படி ஐந்து தரம். 156காரருக்குப் புதிய எண் 164. முதல் நாள் கால் சிக்குவது போலவும், ஆட்கள் பார்த்துச் சிரிப்பார்கள் போலவும் இருக்கும். பார்ப்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, நான் வீடியோ எடுத்துக் காட்டியிருக்கிறேன்.

ஐந்தாம், ஆறாம் கிழமைகளில் அந்த ஒரு நிமிடத்தை நாலைந்து நிமிடமாக்குங்கள். கடைசி இரண்டு கிழமை, ஓட்டத்தின் முதல் பத்து நிமிடமும் கடைசிப் பத்து நிமிடமும் புதிய எண். கடைசிப் பத்து நிமிடம் முக்கியம், களைத்த காலில்தான் பழைய பழக்கம் திரும்பி வரும். இந்த எட்டுக் கிழமையும் மொத்தத் தூரத்தைப் பெரிதாக ஏற்றவேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டையும் ஏற்றினால், நோ வந்தபின் எதனால் வந்தது என்றே தெரியாது.

இதோடு கிழமைக்கு ஒருநாள், ஆறுதலான ஓட்டம் முடிந்தபின், 20 செக்கன் வேகமாக, ஆனால் தோளை இறுக்காமல் ஓடி, மூச்சு முழுதாகத் திரும்பும்வரை நடங்கள். நாலில் இருந்து ஆறு தரம். ஸ்ட்ரைட்ஸ் என்பது இதுதான். துரையப்பா விளையாட்டரங்கில் ஓடக் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் வாகனம் வராத நேரான ஒழுங்கை ஒன்று போதும். கேடன்ஸை நினைக்காமலே கேடன்ஸ் பழகும் வழி இது. எனக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்று சொன்னால் மெட்ரோனோமை (வைத்த எண்ணுக்குச் சீராக டிக்டிக் என்று தட்டும் தாளக் கருவி) விட்டுவிட்டு இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

கேடன்ஸைக் கூட்டியதும் இதயத் துடிப்பு ஏறுகிறது. அடித்தளப் பயிற்சி கெட்டுவிடாதா?

நல்ல கேள்வி, நியாயமான பயம். பத்தில் எட்டுப் பேருக்கு நான் கண்ட காரணம் ஒன்றுதான்: அடியின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள், நீளத்தைக் குறைக்கவில்லை. பெருக்கம் கூடிவிட்டது, 7 நிமிட வேகம் 6:30 ஆகிவிட்டது. இதயம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, நீங்கள்தான் வேகமாக ஓடுகிறீர்கள். ஆகவே புதிய எண்ணில் ஓடும் அந்த ஒரு நிமிடத்தில் பார்க்கவேண்டியது வேகத்தை. அது ஏறினால் அடியை இன்னும் சுருக்குங்கள். உடற்பயிற்சி நிலையத்தில் ட்ரெட்மில் கிடைத்தால் அதில் பழகுவது சுகம். வேகத்தைப் பூட்டிவிட்டால் கேடன்ஸ் கூடும்போது அடி தானாகக் குறையும், வேறு வழியில்லை.

வேகம் மாறாமல் இருந்தும் சில துடிப்புகள் ஏறினால், அது பழக்கமில்லாத வேலைக்கு உடம்பு கொடுக்கும் விலை. பெரும்பாலும் சில கிழமையில் இறங்கும். இறங்காவிட்டால் நீங்கள் எடுத்த எண் உங்களுக்குக் கூட. இரண்டு, மூன்று குறைத்துப் பாருங்கள்.

இங்கே வெயிலையும் கணக்கில் எடுக்கவேண்டும். சித்திரை, வைகாசியில் ஏழு மணிக்கே முதுகு சுடும். அந்த வெக்கையில் எந்தக் கேடன்ஸில் ஓடினாலும் துடிப்பு ஏறும். விடிய ஐந்து மணி ஓட்டத்தை ஐந்து மணி ஓட்டத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். பின்னேர ஓட்டத்தோடு ஒப்பிட்டுவிட்டு எனக்கு மெசேஜ் போடவேண்டாம்.

மெட்ரோனோம் தேவையா? பாட்டுப் போட்டு ஓடலாமா?

இலவசச் செயலிகள் இருக்கின்றன. ஒரு சின்ன யோசனை: 164 என்று வைத்தால் அந்த டிக்டிக் மண்டையைத் துளைக்கும். 82 என்று வைத்து, வலது காலை மட்டும் அதில் போடுங்கள். முழு ஓட்டத்துக்கும் போடவேண்டாம், அந்த ஒரு நிமிடம், நாலு நிமிடத்துக்கு மட்டும். பிறகு நிறுத்திவிட்டு, கால் அந்த லயத்தை எவ்வளவு நேரம் வைத்திருக்கிறது என்று பாருங்கள்.

தவில் கேட்டு வளர்ந்த ஊர்க்காரருக்கு இதை விளக்குவது சுலபம். காலப்பிரமாணம் என்கிறோமே, அதுதான். வித்துவான் என்ன கோர்வை வாசித்தாலும் உள்ளே ஓடும் காலம் முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. களைப்பு வரும்போது காலம் இழுபடாமல் பிடிப்பதுதான் நீண்டதூர ஓட்டக்காரருக்கும் வேலை. எங்களில் ஒருவர் சின்ன வயதில் மிருதங்கம் படித்தவர். மெட்ரோனோம் கொடுத்த முதல் நாளே கணக்காக 166இல் நின்றார். எனக்கு ஆறு கிழமை எடுத்தது.

பாட்டும் சரிதான், 82 அல்லது 164க்குக் கிட்ட வரும் பாட்டுகளைத் தெரிந்து வையுங்கள். ஆனால் ஒரு காதை வெறுமையாக விடுங்கள். இருட்டில் லைற் இல்லாமல் எதிர்ப்பக்கமாக வரும் மோட்டார் சைக்கிளுக்கு உங்கள் லயம் தெரியாது. மார்கழியில் திருவெம்பாவைக்குச் சங்கும் சேமக்கலமும் ஊதி அடித்துக்கொண்டு வருகிறவர்கள் எதிரில் வந்தால் மெட்ரோனோமை நிறுத்திவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். சேமக்கலத்தை மீறி எந்த டிக்டிக்கும் கேட்காது.

நான் உயரம். குறைந்த கேடன்ஸ் தானே இயல்பு?

ஓரளவுக்கு. ஒரே வேகத்தில் உயரமானவருக்குக் கேடன்ஸ் சற்றுக் குறைவாக இருப்பது வழக்கம். ஆனால் உயரத்தைச் சாட்டாகச் சொல்லி 148இல் இருந்துவிடக் கூடாது. மேலே சொன்ன ஆறடித் தம்பி இப்போது 157இல் ஓடுகிறார். 180 அல்ல, 170கூட அல்ல. மதில் ஒழுங்கையில் அவர் வருவது இப்போது எனக்குக் கேட்பதில்லை, திடீரென்று தோளுக்குப் பக்கத்தில் நின்று 'அண்ணை' என்று கூப்பிட்டு என்னைத் திடுக்கிட வைக்கிறார்.

முன்பாதத்தில் இறங்கவேண்டுமா?

வேண்டாம். அதை நினைக்கவே வேண்டாம். குதிக்காலில் மெதுவாக, உடம்புக்குக் கிட்டவாக இறங்குவது ஒன்றும் குற்றமில்லை. 180ஐப் பிடிக்கும் அவசரத்தில் வலிந்து நுனிக்காலிலும் ஓடப் போய்த்தான் நான் ஓட்டோ ஏறினேன்.

கெண்டைக்கால் நோகிறது. தொடரலாமா?

அடுத்தநாள் படி இறங்கும்போது மட்டும் தெரியும் இறுக்கம் என்றால் பரவாயில்லை, ஒருநாள் விட்டு ஓடுங்கள். ஓடத் தொடங்கியதும் குத்துகிறது, அல்லது குதிக்காலுக்கு மேலுள்ள தசைநாணைத் தொட்டாலே நோகிறது என்றால் நிறுத்துங்கள். எலும்பில் ஒரு விரல் வைக்கும் இடத்தில் நோ இருந்து, நடந்தாலும் கூடினால், மருத்துவரிடம் காட்டுங்கள், எண்ணெய் பூசிக்கொண்டு ஓடவேண்டாம்.

வராமல் தடுக்க, விறாந்தைப் படியின் விளிம்பில் நுனிக்காலில் நின்று குதிக்காலை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். 15 தரம், மூன்று முறை, கிழமைக்கு மூன்று நாள். தேத்தண்ணி கொதிக்கிற நேரத்தில் முடிந்துவிடும்.

கடற்கரை மணலில் பழகலாமா?

கசூரினாவில் அலை நனைத்த ஓரம் இறுக்கமாக இருக்கும், அங்கே ஓடலாம். மணற்காட்டு மணல் மேட்டில் கால் புதையும். உடம்புக்கு நல்ல வேலை, ஆனால் அங்கே எண்ணிய கேடன்ஸை வீதி எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

சோழகம் அடிக்கும்போது?

பண்ணைத் தாம்போதியில் சோழகக் காற்றுக்கு முகம் கொடுத்து ஓடியவர்களுக்கு இந்தக் கேள்வியின் வேதனை தெரியும். போகும்போது கடிகாரத்தின் வேகத்தைப் பார்க்காதீர்கள். அடியைக் குறுக்கி, கேடன்ஸை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது காற்று தள்ளும், அடி தானாக நீளப் பார்க்கும். அப்போதும் அதே எண். ஒரே லயத்தை இரண்டு விதமான அடியில் வைத்திருக்க இதைவிட நல்ல பாடசாலை இல்லை.

நான் சைக்கிளும் ஓடுகிறேன். அது உதவுமா?

உதவும். பாரமான கியரில் அழுத்தி மிதிக்காமல் லேசாக, நிமிடத்துக்கு 90 சுற்றுக்குக் கிட்ட மிதித்துவிட்டு இறங்கி ஓடினால் கால் அந்த வேகத்தைக் கொஞ்ச நேரம் வைத்திருக்கும். கியர் இல்லாத பழைய லுமாலா சைக்கிளில் 90 சுற்று மிதித்தால் பருத்தித்துறைக்கே போய்விடுவீர்கள், அதை நான் சிபாரிசு செய்யவில்லை.

பள்ளிக்கூடப் பிள்ளைக்கு மெட்ரோனோம் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். வளரும் பிள்ளையின் கால் நீளம் வருடத்துக்கு வருடம் மாறும். இந்த வருட எண் அடுத்த வருடம் செல்லாது. கயிறடிக்க விடுங்கள், கிளித்தட்டு விளையாட விடுங்கள். தட்டில் மறிக்கிறவனை ஏமாற்றி உள்ளே போகும் பிள்ளையின் காலைப் பாருங்கள், எந்தப் பயிற்றுநரும் அதைவிடக் குறுகிய, விரைவான அடியைச் சொல்லிக்கொடுக்க ஏலாது.

நாய் துரத்தும்போது 200க்கு மேல் போகிறது. அதையும் கணக்கில் எடுக்கலாமா?

இதைக் கேட்டவர் பகிடிக்குத்தான் கேட்டார். ஆனால் ஓடாதீர்கள், நின்று, நாய்ப் பக்கம் திரும்பி, மெல்லப் பின்வாங்குங்கள். கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடுங்கள். கேடன்ஸைப் பிறகு பார்க்கலாம்.

எண்ணுவதை எப்போது நிறுத்தலாம்?

எட்டுக் கிழமை முடிந்து, மெட்ரோனோம் இல்லாமல், யாரோ சைக்கிளில் இருந்து எண்ணும்போது புதிய எண் வந்தால் நிறுத்துங்கள். கடிகாரத்தில் கேடன்ஸ் தெரியும் பக்கத்தை எடுத்துவிடுங்கள். பிறகு மாதம் ஒரு தரம் போதும்: அதே வீதி, அதே வேகம், வலது கால், 30 செக்கன்.